பி.எம்.ஆர். எடுத்தால் வேலை கிடைக்குமா?

எண்ணூர், திருவொற்றியூர், மீஞ்சூர், பொன்னேரி பக்கத்திலிருந்து எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் பிஜி எழுதிவிட்டுக் கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



கவுன்சிலிங் நெருங்கினால் உங்களில் யாராவது போன் செய்துவிடுகிறீர்கள். "அக்கா, என் ரேங்க்குக்கு பி.எம்.ஆர். வரும்போல இருக்கு. எடுக்கவா, இல்ல இன்னொரு வருஷம் உட்கார்ந்து படிக்கவா? எடுத்தா வேலை இருக்குமா? அதுக்குள்ள எந்தப் பிரிவுக்குப் போறது நல்லது?" தனித்தனியாகச் சொல்லி வந்ததைச் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல். மீஞ்சூரில் வளர்ந்து, பி.எம்.ஆர். என்கிற இந்த மறுவாழ்வு மருத்துவத் துறையில் படித்து, இதிலேயே பிழைப்பவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைக்கும். ஆனால் ரேடியாலஜி முடித்தவரைத் தேடி ஆஸ்பத்திரிகள் வருவதுபோல் உங்களைத் தேடி வராது. பல இடங்களில் நீங்கள்தான் போய், இப்படி ஒரு பிரிவு இங்கே ஏன் வேண்டும் என்று நிர்வாகத்துக்குப் புரியவைக்க வேண்டியிருக்கும். அதற்கு மனம் இருக்கிறவர்கள் தயங்காமல் எடுங்கள். வேறு எதுவும் கிடைக்கவில்லையே என்று எடுக்கிறவர்கள் இன்னொரு முறை யோசியுங்கள்.

பணியிடங்கள் ஏன் குறைவு என்று தெரிந்துகொண்டு வருவது நல்லது. நம் மாநிலத்தில் எம்.டி. பி.எம்.ஆர். படிப்புக்குப் பெயர்பெற்ற இடங்கள் என்றால் சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும், வேலூர் சி.எம்.சி.யும்தான் முதலில் நினைவுக்கு வரும். நாட்டளவில் மும்பை ஹாஜி அலியில் 1955-இல் தொடங்கிய அகில இந்திய நிறுவனம் மூத்தது. மருத்துவக் கல்லூரிதோறும் ஒரு பி.எம்.ஆர். துறை வந்துவிட்டால் ஆசிரியர் பணியிடங்கள் தானாகப் பெருகும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். ஆனால் 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட குறைந்தபட்சத் தரநிலை விதிகளில் கட்டாயத் துறைகளின் வரிசையிலிருந்து அவசர மருத்துவம், நுரையீரல் மருத்துவத்தோடு பி.எம்.ஆரும் விடுபட்டது. துறை கட்டாயம் இல்லை என்றால் தனியார் கல்லூரி எதற்குப் பேராசிரியரை வைத்துச் சம்பளம் கொடுக்கப்போகிறது? அந்த முடிவு தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். ஒரு எம்.பி.பி.எஸ். மாணவர் தன் ஐந்தரை வருடத்தில் பி.எம்.ஆர். வார்டையே பார்க்காமல் வெளியே வந்தால், பிறகு அவர் எலும்பு மருத்துவராக இருந்தாலும் நரம்பியல் மருத்துவராக இருந்தாலும் நோயாளியை நம்மிடம் அனுப்பவேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வராது.

இரண்டாவது காரணம் காப்பீடு. இதை யாரும் உங்களுக்குக் கல்லூரியில் சொல்லித்தர மாட்டார்கள். எல்லா மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களுக்கும் பொதுவாக ஒழுங்காற்று ஆணையம் வகுத்த விலக்குகளில் ஐந்தாவதின் தலைப்பில் ஓய்வு, பராமரிப்பு ஆகியவற்றோடு மறுவாழ்வு என்ற சொல்லும் இருக்கிறது. உள்ளே உள்ள வாசகம், சிகிச்சை பெறாமல் வெறும் படுக்கை ஓய்வுக்காகச் சேர்வதைத்தான் விலக்குகிறது. ஆனால் தலைப்பைக் காட்டியே பில்லைத் திருப்பி அனுப்புவதை அடிக்கடி பார்க்கிறேன். உடைந்த முதுகெலும்புக்கு ராடு வைக்கும் ஆபரேஷனுக்குப் பணம் வரும். அதே ஆள் உட்காரப் பழகி, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறப் பழகி, சிறுநீரைத் தானே எடுக்கப் பழகும் வாரங்களுக்குப் பணம் வராது. வருமானம் இல்லாத வார்டைத் தனியார் ஆஸ்பத்திரி திறக்காது. வார்டு இல்லாத இடத்தில் உங்களுக்கு வேலையும் இருக்காது. நீங்கள் இந்தத் துறைக்கு வந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன சிகிச்சை கொடுத்தீர்கள், நோயாளியால் என்ன செய்ய முடிந்தது என்று நாள்வாரியாக எழுதப் பழகுங்கள். 'பிசியோ கொடுக்கப்பட்டது' என்று ஒரு வரியில் முடிக்கிற சம்மரிதான் முதலில் நிராகரிக்கப்படும்.

சரி, வாய்ப்பு எங்கே இருக்கிறது? எய்ம்ஸ் மருத்துவமனைகளில் இந்தத் துறை இருக்கிறது. முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கிய, பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. இ.எஸ்.ஐ. இருக்கிறது. சென்னையில் பக்கவாதத்துக்கும் தலைக்காயத்துக்கும் பிறகு சேர்த்துப் பார்க்கும் தனியார் மறுவாழ்வு மையங்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கூடியிருக்கின்றன. வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இது நன்றாக வேரூன்றிய துறை. ஆனால் என் மனதில் இருப்பது இந்தப் பட்டியலுக்கு வெளியே, நம் வீட்டு வாசலில் இருக்கிற வேலை.

கும்மிடிப்பூண்டி ரயிலில் ராயபுரம் பக்கமிருந்து வடக்கே வந்து பாருங்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர். ஒரு பக்கம் துறைமுகங்களும் மீன்பிடித் துறைமுகமும், இன்னொரு பக்கம் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், மேலே வந்தால் வட சென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்கள், இடையில் எந்நேரமும் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலை வந்து முடிவதும் நம் ஊரில்தான். பிரஸ் மெஷினில் விரல் போனவர், டிரெய்லர் சக்கரத்தில் கால் போனவர், சாரத்திலிருந்து விழுந்து முதுகு உடைந்தவர், மின்சாரத்தில் கை கருகியவர், நாற்பத்தைந்து வயதில் பாரிசவாயு வந்து வீட்டோடு கிடப்பவர் என்று இந்தப் பாதையில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஒருவரையாவது காட்டுவார்கள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் அசாமிலிருந்து வந்தவர்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை செய்தியில் வந்தது. இப்படிப்பட்ட விபத்துகளில் உயிரோடு மிஞ்சுகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நம் துறை அவர்களுக்கானது.

2021 டிசம்பர் 18 அன்று தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உயிர்களைக் காப்பாற்றுகிற நல்ல திட்டம். அதற்கு முந்தைய ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. 49-ஆவது மணி நேரத்திலிருந்து, வீட்டுக்கு பிசியோதெரபிஸ்ட் வரும் நாள்வரை அந்த நோயாளிக்கு என்ன செய்யவேண்டும் என்று திட்டம் போட ஒரு மருத்துவர் வேண்டும். அந்த மருத்துவர் பெரும்பாலான இடங்களில் இல்லை.

இனி பிரிவுகளுக்கு வருகிறேன். நம் நாட்டில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனி சூப்பர் ஸ்பெஷாலிட்டி பட்டம் என்று தேடிப் போகவேண்டியதில்லை, எம்.டி. முடித்தபின் பெல்லோஷிப், அல்லது நல்ல மையத்தில் ஓரிரு வருட வேலை என்றுதான் ஆழமாகப் போவார்கள். அதனால் முடிவை இன்றே எடுக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு திசை இருக்கட்டும்.

என்னைக் கேட்டால் முதலில் தண்டுவடக் காயம் என்பேன். வேலூரில் இந்தத் துறையே அந்தக் காயத்திலிருந்து எழுந்து வந்ததுதான். வேலூர் சி.எம்.சி.யில் மகப்பேறு மருத்துவம் பயின்றுகொண்டிருந்த மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அறுவை மருத்துவர் பால் பிராண்டிடம் பயிற்சி பெற்று, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963-இல் சி.எம்.சி.யில் துறைத் தலைவரானார். 1966-இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அங்கே திறக்கப்பட்டது. அவருக்கு முன்னால் யாரும் பணியிடம் உருவாக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. வேலை கிடைக்குமா என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். அதேபோல ஆய்க்குடியில் 1981-இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். மருத்துவர்கூட இல்லை.

இந்தப் பிரிவின் வேலை எப்படி இருக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். நம் பக்கத்து இளைஞர் ஒருவர், மார்பு முள்ளெலும்பு நான்காம் மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டவர். ஒரு நாள் தலை வெடிப்பதுபோல் வலி, முகமெல்லாம் சிவந்து வேர்த்துக் கொட்டியது. அருகில் இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பி.பி. 210-க்கு 120. மூளையில் ரத்தக்கசிவு என்று சி.டி.க்குத் தயார் செய்துகொண்டிருந்தபோது அவருடைய அம்மா எனக்குப் போன் செய்தார். படுக்கவைத்திருந்தவரை நிமிர்த்தி உட்காரவைக்கச் சொன்னேன். யூரின் டியூபைத் தொடக்கத்திலிருந்து பை வரைக்கும் கையால் தடவிப் பார்க்கச் சொன்னேன். தொடைக்கு அடியில் டியூப் மடங்கிக் கிடந்தது. எடுத்துவிட்டதும் பை நிறையச் சிறுநீர் வந்தது. சற்று நேரத்தில் பி.பி. 110-க்கு இறங்கி, தலைவலி போய்விட்டது. ஆறாம் மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவருக்கு நிறைந்த சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், படுக்கைப்புண், ஏன், காலில் உள்வளர்ந்த நகம்கூட இப்படி ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், உயிரும் போகும். அந்த டியூட்டி டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு இதை யாரும் காட்டியதில்லை. அம்மாவுக்குத்தான் நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்தோம், அதனால்தான் அவர் போனை எடுத்தார்.

ஒரு காலத்தில் தண்டுவடக் காயம் பட்டவர்களைக் கொன்றது பெரும்பாலும் சிறுநீரகச் செயலிழப்புதான். நாலு மணி முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே டியூப் விட்டுச் சிறுநீரை எடுத்துவிடும் எளிய பழக்கம் அதை மாற்றியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவது, மலம் கழிக்க ஒரு நேரம் பழக்குவது, திருமண வாழ்க்கை பற்றித் தயங்காமல் பேசுவது, எல்லாம் உங்கள் வேலை. ஒரு நோயாளியோடு இருபது முப்பது வருடம் உறவு இருக்கும். இந்தியாவில் இதற்கு ஆள் மிகக் குறைவு. திறமை இருந்தால் எந்த ஊரிலும் உங்களைத் தேடுவார்கள்.

அடுத்து, கால் கை இழந்தவர்கள். முழங்காலைக் காப்பாற்றி அதற்குக் கீழே வெட்டினால் நடக்க ஆகும் சிரமம் பாதிக்குப் பாதி குறையும் என்றே சொல்லலாம். ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே பி.எம்.ஆர். மருத்துவர் சர்ஜனோடு பேசவேண்டும். பிறகு மீதமுள்ள காலுக்கு எட்டு வடிவில் பேண்டேஜ் கட்டி வடிவம் கொண்டுவருவது, இல்லாத பாதம் எரிகிறது என்று இரவெல்லாம் தவிப்பவருக்கு மருந்து கொடுப்பது, சாக்கெட் எங்கே அழுத்துகிறது என்று தோலின் சிவப்பைப் பார்த்துச் சொல்வது. லாரி டிரைவர் ஒருவர் வந்தால் முதலில் "கேபின்ல ஏறணுமே டாக்டர்" என்பார். மீனவர் வந்தால் ஈரத்தில் நிற்கவேண்டும் என்பார். 1968-இல் ஜெய்ப்பூரில் உருவான செயற்கைப் பாதம் இத்தனை வருடம் நிலைத்ததற்குக் காரணம், நம் ஆட்கள் வெறுங்காலோடு நடப்பதையும் குந்தி உட்காருவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டதுதான். இன்று சென்னை ஐ.ஐ.டி.யில் சுஜாதா சீனிவாசனின் ஆய்வகத்திலிருந்து எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலியும், கடம் என்ற செயற்கை முழங்கால் மூட்டும் வந்திருக்கின்றன. அதே நகரின் வடக்கே இருக்கிற நாம் அங்கே போய் நம் ஆட்களின் தேவையைச் சொல்லவேண்டாமா? எந்திரவியலில் ஆசை இருந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு இல்லை.

கைக்காயம் என்றால் ஸ்டான்லியை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை மறுவாழ்வு, பிளாஸ்டிக் சர்ஜரி நிலையம் இந்தத் தொழில் வட்டாரத்தின் கைகளால்தான் பாடம் கற்றது. அறுவைக்குப் பின் அந்தக் கையை மீண்டும் வேலைக்குப் பழக்கும் கலையை அங்கேதான் பார்க்கவேண்டும். இதில் பணமும் சேர்ந்திருக்கிறது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் என்றால் 14 என்று வகுத்திருந்தது. விரல் இருந்தும் மடங்கவில்லை, உணர்ச்சி இல்லை என்றால்? அங்கே மருத்துவர் அளந்து எழுதும் வார்த்தையைப் பொறுத்துத்தான் அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பது முடிவாகும். அளக்கும் கருவியைப் பிடிக்கச் சோம்பல்படாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வந்தபின் 21 வகைக் குறைபாடுகள் அங்கீகரிக்கப்பட்டிருக்கின்றன. சான்றிதழ் வாரியங்களில் உட்காரும் நேரம் உங்கள் வேலையில் ஒரு பெரும் பங்கு. அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் 40 சதவீதம் என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒருவரின் இடஒதுக்கீடும் உதவித்தொகையும் இருக்கின்றன.

பக்கவாதமும் தலைக்காயமும் எண்ணிக்கையில் எல்லாவற்றையும் விடப் பெரியவை, தனியார் மையங்களில் வேலை கிடைப்பதும் இவற்றை வைத்துத்தான். முதல் மூன்று மாதம் பொன்னான காலம். அந்த மாதங்களை எண்ணெய் தேய்த்தே கழித்துவிட்டு, தோள் இறங்கி, விரல்கள் இறுகிப்போன பிறகு வருவார்கள். இறுக்கத்துக்கு போட்யூலினம் ஊசி போடத் தெரிந்துகொள்ளுங்கள். ஹெல்மெட் போடாமல் விழுந்து மூளை அடிபட்டவரின் மனைவி, "நடக்கிறாரு, பேசுறாரு, ஆனா இவரு எங்க வீட்டுக்காரரு மாதிரியே இல்ல" என்று அழுவதைக் கேட்க ஒரு பொறுமை வேண்டும்.

குழந்தைகள் பிரிவுக்குப் போலியோ ஒரு காலத்தில் முழு வேலை கொடுத்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் யாரையும் முடக்கவில்லை. இன்று அந்த இடத்தில் மூளை முடக்குவாதக் குழந்தைகள் இருக்கிறார்கள். குழந்தைகளோடு இருக்கப் பிடித்தவர்கள் போகலாம். விளையாட்டு மருத்துவம் இன்னும் சிலருக்கே சோறு போடுகிறது.

வலிப் பிரிவைப் பற்றி மட்டும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி போடும் கிளினிக் விரைவில் பணம் தரும், அதனால் இப்போது படித்து முடிப்பவர்களில் நிறையப் பேர் அதையே குறிவைக்கிறார்கள். கற்றுக்கொள்ளுங்கள், மூட்டை தூக்குகிறவரின் முதுகு வலியும் வலிதான். ஆனால் மயக்க மருத்துவர்களும் எலும்பு மருத்துவர்களும் அதே ஊசியைப் போடுகிறார்கள். தண்டுவடத்தையும் செயற்கைக் காலையும் விட்டுவிட்டு எல்லோரும் அங்கே போய்விட்டால், வேறு யாரும் செய்யாத வேலையைச் செய்ய ஆளே இருக்காது. நரம்புக் கடத்தல் சோதனை, இ.எம்.ஜி. இரண்டையும் எந்தப் பிரிவுக்குப் போனாலும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஊரில் நிலைக்க அது உதவும்.

பிசியோதெரபிஸ்டுகளோடு யார் பெரியவர் என்ற சண்டைக்குள் போகாதீர்கள். நோயாளியைத் தினமும் தொட்டுப் பார்க்கிறவர் அவர். அவரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும், செயற்கை உறுப்பு செய்பவரும், பேச்சுப் பயிற்சியாளரும் இல்லாமல் உங்களால் ஒரு ஆளைக்கூட வீட்டுக்கு அனுப்ப முடியாது.

சாய்ஸ் லிஸ்டைப் பூட்டும் முன் சில காரியங்களைச் செய்துவிடுங்கள். கே.கே.நகர் நிலையத்தின் ஓ.பி.யில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். ஸ்டான்லியில் கை வார்டுக்குப் போங்கள். நீங்கள் சேர நினைக்கும் கல்லூரியில் படிக்கும் சீனியரிடம் கேளுங்கள்: துறைக்குச் சொந்தப் படுக்கைகள் உண்டா, அல்லது ஓ.பி. மட்டும்தானா? செயற்கை உறுப்புப் பட்டறை உள்ளேயே இருக்கிறதா? இ.எம்.ஜி. எந்திரம் யாருடைய கையில் இருக்கிறது, நம் துறையிடமா நரம்பியலிடமா? தண்டுவடக் காயம் பட்டவரைச் சராசரியாக எத்தனை வாரம் வைத்திருக்கிறார்கள்? படுக்கை இல்லாத துறையில் மூன்று வருடம் கழிப்பதைவிட, தூரமாக இருந்தாலும் வார்டு உள்ள கல்லூரி மேல்.

திருவள்ளூரில் 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பொன்னேரியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. இவை இரண்டுக்கும் முழுநேர பி.எம்.ஆர். மருத்துவரும், மறுவாழ்வுக்கென்று தனியாகச் சில படுக்கைகளும் வேண்டும் என்று சுகாதாரத் துறைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யார் இந்தத் துறையை எடுத்தாலும், எடுக்காவிட்டாலும், அதில் உங்கள் கையெழுத்து வேண்டும். கவுன்சிலிங் முடிந்ததும் வந்து போட்டுவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் அக்கா,
மீஞ்சூர்